மில் கேன்டீனில் கேஸ் வாசனை

எங்கள் தெரு முனையில் இருக்கும் பனியன் கம்பெனி கேன்டீனில் சமைக்கிற பெண்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் வந்து பேசிக்கொண்டிருப்பார்கள். போன மாதம் அவர்களுடைய கேன்டீனில் கேஸ் கசிந்தால் தானாகவே கத்துகிற ஒரு கருவியைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார்களாம். "இனிமே மோந்து பாக்க வேண்டியதில்லீங்க, அதே பாத்துக்கும்" என்றாள் ஒருத்தி. எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று கேட்டேன். தலைக்கு மேலே, ஜன்னல் ஓரமாக என்றாள். சமையல் கேஸ் தரையோடு தவழ்கிற சாமான். அது அவ்வளவு உயரம் ஏறி இந்தக் கருவி கத்துவதற்குள் நம் கணுக்கால் வெந்துவிடும் என்றேன்.

"உங்களுக்கு எதுலயும் நம்பிக்கை வராதுங்களா?" என்று இன்னொருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள்.

வராதுதான். அது எப்படி ஆனது என்று அவர்கள் கேட்டதால் சொன்னேன். சொன்னதை எழுதியும் வைக்கச் சொன்னார்கள்.

நூல் கிடைக்காமல் எங்கள் வீட்டுத் தறி நின்றபோது என் வீட்டுக்காரர் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னாலேயே நானும் அந்த மில்லின் கேன்டீனில் சேர்ந்தேன். முதல் சில வருஷங்கள் மாவாட்டினேன், பாத்திரம் கழுவினேன், வெங்காயம் உரித்தேன். அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் மில்லில் விறகு அடுப்பை எடுத்துவிட்டு கேஸ் அடுப்பு கொண்டுவந்தார்கள். பஞ்சு பறக்கிற இடத்தில் விறகுப் பொறி பறக்கக் கூடாது என்பது காரணம். அதுவரை தோசை போட்டுக்கொண்டிருந்தவர் சிலிண்டர் வந்து இறங்கிய அன்றைக்கே கணக்கை முடித்துக்கொண்டார். "குண்டு பக்கத்துல நின்னு தோசை சுட எங்க அப்பன் என்னைப் பெக்கலீங்க" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். வேறு ஆண் ஆள் யாரும் அந்த அடுப்புக்குப் பக்கத்தில் வரவில்லை. அப்படித்தான் தோசைக்கல் என் கைக்கு வந்தது.

சாப்பிட வந்தவர்களும் லேசில் நம்பவில்லை. கேஸில் சுட்டதைத் தின்றால் வயிற்றில் கேஸ் ஏறும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. தோசையைப் பிட்டு மூக்கருகில் வைத்து மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார்கள். சிலர் வீட்டிலிருந்து பழைய சோறு கொண்டுவர ஆரம்பித்தார்கள். இன்னும் சிலது சொன்னார்கள், அதெல்லாம் இங்கே எழுதக் கூடியதல்ல.

அடுப்பு எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஆள் நீளத்துக்கு ஓர் இரும்புச் சட்டம். அதன் மேல் கனமான தோசைக்கல். கல்லுக்கு அடியில் மூன்று பர்னர் குழாய்கள், ஒவ்வொன்றின் மேலும் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள். சிலிண்டர்கள் சுவருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் நிற்கும். அங்கிருந்து ஓர் இரும்புக் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். அது முடிகிற இடத்திலிருந்து அடுப்பின் வாய் வரைக்கும் ஒரு கை நீளத்துக்கு ரப்பர் ட்யூப். இரண்டு முனையிலும் கிளிப் போட்டு இறுக்கியிருக்கும். அடுப்புக்குப் பின்னால் இருந்ததால் அந்த ட்யூப் யார் கண்ணிலும் படாது.

கேன்டீனில் எங்களுக்கெல்லாம் மேலே இருந்தவர் ராயப்பன் மாஸ்டர். கோயமுத்தூரில் ஒரு பெரிய ஹோட்டலில் பம்ப் ஸ்டவ்களோடு பாதி வயசைக் கழித்துவிட்டு வந்தவர். ஒல்லியான ஆள், முன்கையில் பழைய தீக்காயத் தழும்பு. அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. கேள்வி கேட்பார், அவ்வளவுதான்.

"வால்வு மூடியாச்சா கண்ணு?"

"மூடியாச்சுங்க மாஸ்டர்."

நகர்ந்து போய் சாம்பாரைக் கிளறிவிட்டுத் திரும்பி வருவார். "எந்தக் கையில மூடினே?"

"வலது கையிலீங்க."

அரிசி களைகிறவளிடம் ஏதோ சொல்லிவிட்டு மறுபடி வருவார். "எந்தப் பக்கமாத் திருகினே?"

சொல்வேன். அதற்கப்புறமும் தானே வெளியே போய் வால்வைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருவார். ஆரம்பத்தில் எனக்கு அழுகையே வந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன், என்னை நம்பவில்லையா என்று. "உன்னை நம்பாம இல்ல. வால்வைத்தான் நம்பல" என்றார். எதை எடுத்தாலும் அவருக்கு அப்படித்தான். தீக்குச்சி அணைந்துவிட்டது என்று நம்ப மாட்டார், தண்ணீரில் போட வேண்டும். கல் ஆறிவிட்டது என்று நம்ப மாட்டார், நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துச் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார்.

செவ்வாயும் வெள்ளியும் காலை டிபன் முடிந்ததும் அடுப்பைச் சுத்தம் செய்கிற நாள். முதலில் சிலிண்டர் வால்வை மூட வேண்டும், அடுப்பில் இருக்கிற திருகுகளை அல்ல. ட்யூபில் மிச்சம் இருக்கிற கேஸ் எரிந்து தானாக அணைகிற வரைக்கும் தீயை விட்டுவைக்க வேண்டும். அப்புறம் திருகுகளை மூடிவிட்டு, கல் ஆறுகிற வரைக்கும் வேறு வேலை பார்க்கலாம். ஆறின கல்லைச் சட்டுவத்தால் சுரண்டி, கருகினதை எல்லாம் ஓரமாக ஓடும் பள்ளமான காடியில் தள்ளி வழித்தெடுப்போம். அந்தக் காடியில் எண்ணெய்ப் பிசுக்கு சேர விடக் கூடாது, தீப்பிடித்தால் முதலில் அதுதான் பற்றும்.

பிறகு கல்லைத் தூக்கி இறக்கி, பர்னர் குழாய்களை ஒவ்வொன்றாக உருவுவோம். கம்பி பிரஷ்ஷால் துளைகளின் மேல் குறுக்காகத் தேய்க்க வேண்டும்; நீளவாக்கில் தேய்த்தால் ஒரு துளை அழுக்கு அடுத்த துளைக்குள் போய் உட்காரும். அடைத்த துளையை ஊக்கால் குத்துவோம். அகலப்படுத்திவிடக் கூடாது. கடைசியில் குழாயின் வாயை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்க்க வேண்டும். சிலந்தி கூடு கட்டியிருக்கும். குளவி மண்ணே வைத்திருக்கும். அப்படி இருந்தால் கேஸ் முன்னால் போகாமல் பின்பக்கமாகப் பற்றும். எல்லாம் காய்ந்த பிறகு திரும்ப மாட்டி, அடுப்பைச் சுவரோடு தள்ளி, திருகுகள் மூடியிருக்கும்போதே சிலிண்டரைத் திறந்து, இணைப்புகள் மேல் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்போம். குமிழி வந்தால் கசிவு. வராவிட்டால் அடுப்பு பற்ற வைக்கலாம்.

இத்தனையும் செய்ய அடுப்பைச் சுவரிலிருந்து முன்னால் இழுக்க வேண்டும். அது எங்களால் ஆகாது. அதை இழுத்தவர் சென்னியப்பன் அண்ணன்.

அவர் பொங்கலூர்ப் பக்கத்து ஆள். மில்லுக்கு விறகு கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தது அவருடைய மாட்டு வண்டிதான். கேஸ் வந்ததும் வண்டி நின்றது. மாடுகளை விற்றுவிட்டார். பாவப்பட்டு மேனேஜர் அவரைக் கேன்டீனிலேயே எடுபிடி வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். தண்ணீர் சுமப்பார், மூட்டை இறக்குவார். அடுப்பின் நாலு கால்களுக்கு அடியிலும் ஈரச் சாக்கைச் செருகி, ஒரே மூச்சில் அதை முன்னால் இழுத்துவிடுவார். அதிகம் பேசாத மனிதர். சேர்ந்த புதிதில் ஒருநாள் கேட்டில் நின்றுகொண்டு, "இந்தச் சனியன் எத்தனை நாளைக்கு எரியுதுன்னு பாத்தர்லாம்" என்று சொல்லியிருக்கிறார். வயிற்றெரிச்சலில் வந்த வார்த்தை. வாட்ச்மேன் பழனிச்சாமி அதைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்த வருஷம் மழைக்குப் பிறகு கேன்டீனில் வாசனை வர ஆரம்பித்தது. அழுகின முட்டைக்கோஸ் மாதிரியான அந்த வாடையை ஒரு தடவை மோந்தவர்கள் மறக்க மாட்டார்கள். மாஸ்டர் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிவிட்டு, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டுச் சோப்புத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். தடவிப் பார்த்தோம். ஒரு குமிழி இல்லை. மறுநாள் வாசனையும் இல்லை. சில நாள் கழித்து மறுபடி வந்தது, மறுபடி போனது. சுத்தம் செய்கிற நாளில் வருகிறது, அடுத்த நாள் இல்லை என்பதை முதலில் சொன்னது வாட்ச்மேன்தான்.

"செவ்வாய், வெள்ளி. அடுப்பை இழுக்கறது ஆருங்க? நான் ஒண்ணும் சொல்லலீங்க, நீங்களே ரோசன பண்ணிக்கோங்க" என்றார்.

அவர் ஒன்றும் சொல்லாமலே எல்லோரும் யோசிக்க ஆரம்பித்தார்கள். சென்னியப்பன் அண்ணன் குனிந்தால் என்ன செய்கிறார் என்று பார்த்தார்கள். அவர் சுமந்து வந்த தண்ணீரைக்கூட ஒருத்தர் மோந்து பார்த்ததை நான் பார்த்தேன்.  அடுப்பை இழுக்கும்போது மாஸ்டரும் பக்கத்தில் வந்து நிற்க ஆரம்பித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். சாயங்கால டிபனுக்கு அடுப்பைப் பற்ற வைக்கப் போனேன். காலையிலிருந்து நாலைந்து தாளிப்பு நடந்திருந்ததால் மூக்கில் வேறு எதுவும் ஏறவில்லை. குச்சியைக் கிழித்துப் பர்னரிடம் கொண்டுபோனேன். பர்னர் பற்றுவதற்கு முன்னால் என் காலடியில் பற்றியது. நீல நிறத்தில், ஒரு பாம்பு போகிற வேகத்தில், அடுப்புக்கு அடியிலிருந்து சாக்கடை வாய்க்கால் வரைக்கும் தீ ஓடியது. சேலை ஓரம் பிடித்துக்கொண்டது. எனக்குக் கத்தவும் தோன்றவில்லை.

சென்னியப்பன் அண்ணன்தான் முதலில் வந்தார். தோளில் கிடந்த ஈரச் சாக்கை என் கால்களைச் சுற்றிப் போட்டு அப்படியே கட்டிப்பிடித்துத் தரையில் அமுக்கினார். மாஸ்டர் வெளியே ஓடி வால்வை மூடினார். எல்லாம் முடிந்தபோது எனக்குக் கணுக்காலில் கொப்புளம் மட்டும். அண்ணனுக்கு வலது உள்ளங்கை முழுக்க வெந்திருந்தது.

கேஸ் ஏஜென்சியிலிருந்து மெக்கானிக் வந்து பார்த்தார். பாதி கருகின ட்யூபின் முனை, அடுப்பின் வாயிலிருந்து நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. "இது தானாக் கழலாது சார். கிளிப்பு அப்படியே இருக்கு. யாரோ புடிச்சு இழுத்திருக்காங்க" என்று மேனேஜரிடம் சொன்னார்.

அதற்கு மேல் யாருக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கேஸ் வந்ததில் நஷ்டப்பட்டது யார்? அடுப்பை இழுத்தது யார்? கேட்டில் நின்று அப்படிச் சொன்னது யார்? கடைசியாக ஒரு கேள்வியை வாட்ச்மேன் கேட்டார். "தீப்பிடிச்ச நேரத்துக்குச் சரியா ஈரச் சாக்கு எப்படீங்க கையில இருந்துச்சு?"

காலில் கட்டோடு மேனேஜர் அறை வாசலில் உட்கார்ந்திருந்த எனக்கு அது கேட்டது. அது அடுப்புக் காலுக்குப் போடுகிற சாக்கு, எப்போதும் அவர் தோளில்தான் கிடக்கும் என்று சொன்னேன். "நீ சும்மா இரம்மா, உன் உசுரு தப்புனதே பெருசு" என்றார்கள். என்னைக் காப்பாற்றியதே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

சென்னியப்பன் அண்ணனை உள்ளே கூப்பிட்டார்கள். வேட்டி மடியை அவிழ்த்து உதறிக் காட்டச் சொன்னார் வாட்ச்மேன். திருப்புளி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க. வெந்த கையால் முடியாமல் இடது கையால் அவிழ்த்தார். புகையிலைத் துண்டும் சுருட்டி வைத்திருந்த ஒரு துணியும் விழுந்தன. மேனேஜர் போலீசுக்கெல்லாம் போக வேண்டாம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

வெளியே வந்தவர் ராயப்பன் மாஸ்டரைப் பார்த்தார். "நீங்களும் அப்படித்தான் நெனைக்கறீங்களாங்க?" என்று கேட்டார்.

 "எனக்கு ஒண்ணும் பிடிபடல" என்று மட்டும் சொன்னார் மாஸ்டர். அண்ணன் தலையாட்டிவிட்டுக் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

புது ட்யூப் வந்தது. எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். அடுப்பை இழுக்கக் குடோனிலிருந்து இரண்டு பேரை அனுப்பினார்கள். கொஞ்ச காலம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை மறுபடி அந்த வாடை வந்தது.

அன்றைக்கு நான் பார்த்த முகங்களை மறக்க முடியவில்லை. தப்பான ஆளை அனுப்பிவிட்டோமோ என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சுவர் ஏறிக் குதித்து வந்து செய்கிறான் என்றார்கள். வேட்டி கட்டின ஒரு ஆளை வேலியோரம் பார்த்ததாக வாட்ச்மேன் சொன்னார். எங்கள் ஊரில் வேட்டி கட்டாத ஆள் யார் என்று நான் கேட்டேன். உள்ளே இருக்கிற எவனோ அவனுக்கு உடந்தை என்றார்கள். குடோன் ஆட்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்காணிக்க ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரர் தினமும் வேலைக்குப் போகும் முன் சிலிண்டர் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். நான் வேலையை விட்டுவிடலாம் என்றுகூடச் சொன்னார்.

நானும் சந்தேகப்பட்டேன். ஆனால் என் சந்தேகம் சோப்புத் தண்ணீரின் மேல். அடுத்த தடவை வாசனை வந்தபோது மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு நானே குனிந்து தடவினேன். இரும்புக் குழாய் மேல் நுரை கட்டியது. திருகுகளின் மேல் நுரை கட்டியது. அடுப்பின் வாயில் ட்யூப் செருகியிருந்த இடத்தில் மட்டும் நுரை நிற்கவே இல்லை. தடவத் தடவ, தாமரை இலையில் போல உருண்டு வழிந்து போனது. நுரையே கட்டாத இடத்தில் குமிழி எப்படி வரும்? விரலால் தொட்டேன். வழுவழுவென்று இருந்தது. மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

எங்கள் கேன்டீனில் சமையலுக்குக் கடலை எண்ணெய்தான். கல்லில் தேய்ப்பதும் அதுதான். தேங்காய் எண்ணெய் யாரிடம் இருக்கிறது?

நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்கால டிபன் முடிந்து எல்லோரும் பின்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து சமையற்கட்டுக்கு வந்தேன். ராயப்பன் மாஸ்டர் அடுப்புக்குப் பின்னால் குனிந்திருந்தார். கையில் ஒரு சின்னச் சீசா.

 இத்தனை நாளாக எங்களைக் கேள்வி கேட்டே கொன்றவர் இவர். வால்வை நம்பாதவர், குச்சியை நம்பாதவர். மறைவாக நின்று பார்த்தேன். விரலில் எண்ணெயைத் தொட்டு, ட்யூபின் முனையில் குழந்தைக்குத் தடவுகிற மாதிரி தடவினார். பிறகு அதைப் பிடித்து அடுப்பின் வாய்க்குள் ஒரு அழுத்து அழுத்தினார். எழுந்தபோது என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை.

"ஏனுங்க மாஸ்டர், அதுக்கு எதுக்குங்க எண்ணெய்?"

"காஞ்சு போனா வெடிச்சிரும் கண்ணு. பம்ப் ஸ்டவ்வுல தோல் வாஷர் இருக்கும், தினமும் எண்ணெய் போடலேன்னா காத்துப் புடிக்காது. இதுவும் அப்படித்தான." சொல்லிவிட்டுச் சீசாவை மூடினார். "தினமும் போடறேன். வேற யார்கிட்டயும் இதை விட முடியாது."

"அந்த எடத்துல நொரை கட்ட மாட்டீங்குதுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். ட்யூபை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். கிளிப் அப்படியே இருக்க, ட்யூப் உரித்த வாழைப்பழம் மாதிரி நழுவி அவர் கையோடு வந்துவிட்டது. முனையை அழுத்திப் பார்த்தார். ரப்பர் ஊறி, ஊதி, களிமண் மாதிரி இருந்தது.

சிலிண்டர் மூடியிருந்தது என்பதால் பயமில்லை. ஆனால் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அப்போதுதான் ஒவ்வொன்றாக விளங்கியது. செவ்வாயும் வெள்ளியும் அடுப்பை முன்னால் இழுக்கும்போது அந்த வழுக்கும் முனை கொஞ்சம் நழுவும். கேஸ் கசியும். சாயங்காலம் இவர் எண்ணெய் போட்டு உள்ளே அழுத்திவிடுவார். மறுநாள் வாசனை இருக்காது. சோப்புத் தண்ணீர் போட்டால் எண்ணெய் நுரையைத் தின்றுவிடும். யார் இழுத்தாலும் அது நழுவித்தான் இருக்கும்.

"அவன் என்கிட்டக் கேட்டுட்டுப் போனானே" என்றார் மாஸ்டர்.  சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் சத்தம் பின்கட்டிலிருந்து கேட்டபோது எழுந்து, அந்தச் சீசாவைச் சாக்கடையில் கவிழ்த்தார்.

மறுநாள் காலை மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். என்னையும் கூட அழைத்துப் போயிருந்தார். மேனேஜர் ஏஜென்சிக்கு ஆள் அனுப்பி மெக்கானிக்கை வரவழைத்துக் கேட்டார். ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, போட்டால் ஊறிப் போகும் என்று அவரும் ஒத்துக்கொண்டார். யாரும் எண்ணெய் போடுவார்கள் என்று தனக்குத் தோன்றவே இல்லை என்றார். அவர் போன பிறகு மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"சரி, காரணம் தெரிஞ்சு போச்சு. ட்யூபை மாத்திருவோம். இனி எண்ணெய் போடாதீங்க. இதை இத்தோட விட்டுருங்க மாஸ்டர்."

"சென்னியப்பன்?"

"அவன் போயாச்சு. இப்ப இதை வெளிய சொன்னா உங்க வேலைக்கும் ஆபத்து, எனக்கும் மேல இருந்து கேள்வி வரும். எதுக்கு?"

மாஸ்டர் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தார். மேனேஜர் சொன்னதற்கு ஒத்துக்கொண்டுவிட்டார் என்றே நானும் நினைத்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஹால் நிறைந்திருந்தபோது, அவர் பரிமாறுகிற மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கரண்டியால் தட்டினார்.

"சென்னியப்பன் ஒண்ணும் பண்ணல. ட்யூபுக்கு நாந்தான் எண்ணெய் போட்டுக் கெடுத்தேன். தெரியாமப் போட்டேன். சரசு கால் வெந்ததுக்கும் அவன் கை வெந்ததுக்கும் நான்தான் காரணம்" என்றார்.

 ஒருவர் இன்னொருவர் காதில் ஏதோ சொன்னார். நான் சாம்பார் வாளியோடு வரிசையில் போகும்போது அது என் காதிலும் விழுந்தது. "சென்னியப்பன் ஆளுக வந்து மாஸ்டரை மெரட்டியிருப்பாங்க. இல்லாட்டி இந்த வயசுல எவனாச்சும் பழியைத் தன்மேல போட்டுக்குவானா?" இன்னொரு பெஞ்சில், மாஸ்டரும் அவனும் ஆரம்பத்திலிருந்தே கூட்டு என்றார்கள். உண்மையை எழுந்து நின்று சொன்ன மனிதரையும் சந்தேகப்படத்தான் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

மேனேஜர் அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. மாஸ்டர் பொறுப்பிலிருந்து இறக்கிக் காய்கறி வாங்கிப் போடுகிற வேலையில் விட்டார். அடுப்பை என் பொறுப்பில் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நானும் என் வீட்டுக்காரரும் அவரோடு பஸ் ஏறிப் பொங்கலூர் போய், அங்கிருந்து நடந்து அண்ணனின் ஊரை அடைந்தோம். வாசலில் நின்ற அவருடைய மனைவி எங்களைப் பார்த்ததும், "அவரு ஊட்டுல இல்லீங்க" என்றார். ஆனால் உள்ளே அவர் இருமுகிற சத்தம் கேட்டது. நாங்கள் நகராமல் நின்றதும் அவரே வெளியே வந்தார். வலது உள்ளங்கைத் தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது. விரல்கள் முழுதாக விரியவில்லை.

"மேனேஜரு அனுப்புச்சாருங்களா?"

"இல்ல. நானா வந்தேன்" என்றார் மாஸ்டர்.

"இப்ப எதுல தீப்புடிச்சுதுங்க?"

மாஸ்டர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எண்ணெய், ட்யூப், ஹாலில் எல்லோர் முன்னாலும் சொன்னது வரைக்கும். கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். அண்ணன் அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"நெசந்தானுங்களா அம்மிணி? இவரு சொல்லச் சொன்னதைச் சொல்றதுக்கு உங்களைக் கூட்டிட்டு வரலீங்களே?"

"நெசந்தானுங்கண்ணா. நாங் கண்ணால பாத்தேன்."

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். "ஊர்ல எல்லாரும் கேட்டாங்க, மில்லுக்குத் தீ வெச்சயாமான்னு. அதை நான் கண்டுக்கலீங்க." மனைவியைக் காட்டினார். "இவ ஒருநாள் கேட்டா. சோறு போட்டுக்கிட்டே கேட்டா. நெசமாலுமே நீங்க ஒண்ணும் பண்ணலயான்னு."

அவர் மனைவி உள்ளே போய்விட்டார். மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்ப வேலைக்கு வரச் சொல்லிக் கேட்டார். எங்களுக்கு மோர் மட்டும் வந்தது. குடித்துவிட்டுத் திரும்பினோம்.

அடுத்த சம்பளத்துக்கு முன்பாகவே ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சென்னியப்பன் அண்ணன் கேட்டில் வந்து நின்றார். மேனேஜரிடம் மாஸ்டர் எத்தனை தடவை போய்ப் பேசியிருந்தாரோ தெரியாது, உள்ளே விட்டார்கள். நேராகச் சமையற்கட்டுக்கு வந்தார். சுத்தம் செய்கிற நேரம். குடோன் ஆட்கள் விலகி நின்றார்கள். அவர் அடுப்பைத் தொடவில்லை.

"ஆராச்சும் ஒருத்தரு வந்து பக்கத்துல நில்லுங்க. நான் இழுக்கறதைப் பாத்துக்கிட்டு நில்லுங்க. அப்பத்தான் தொடுவேன்" என்றார்.

நான் போய் நின்றேன். சிலிண்டரை மூடியாச்சு என்று சத்தமாகச் சொன்னேன், அவர் அதைத் திரும்பச் சொன்னார். பிறகு இழுத்தார். திரும்பத் தள்ளியதும் நான் சோப்புத் தண்ணீர் தடவ, அவர் குனிந்து பார்த்தார். நுரை நன்றாகக் கட்டியது. குமிழி இல்லை.

அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்த அடுப்பைத் தனியாகத் தொட்டதே இல்லை. நான் இல்லாத நாளில் யாரையாவது கூப்பிட்டு நிறுத்திக்கொள்வார். யாரும் கிடைக்காவிட்டால் காத்திருப்பார், அடுப்பு ஆறிக் கிடந்தாலும் சரி. மெல்ல மெல்ல மற்றவர்களும் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள். கேஸ் அடுப்பைச் சுத்தம் செய்யும்போது ஒருவர் வேலை செய்ய வேண்டும், இன்னொருவர் நின்று பார்த்து, மூடியதையும் திறந்ததையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கேன்டீனின் வழக்கமாகிப் போனது.

பல வருஷம் கழித்து, பாதுகாப்பைப் பார்வையிட வந்த ஓர் அதிகாரி, நாங்கள் அடுப்பை இழுப்பதை நின்று கவனித்தார். மற்ற மில்களில் ஆளுக்கு ஒரு மூலையில் அவசர அவசரமாகச் செய்வார்கள், இங்கேதான் இரண்டு பேர் சேர்ந்து செய்வதைப் பார்க்கிறேன் என்று மேனேஜரைப் பாராட்டினார். ரொம்ப நல்ல ஏற்பாடு, யார் கொண்டுவந்தது என்று கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் சென்னியப்பன் அண்ணனைப் பார்த்தேன்.

அவர் தலை நிமிரவில்லை. அடுப்பின் காலுக்கு அடியில் சாக்கைச் செருகிக்கொண்டே, "பாத்துக்கிட்டே நில்லுங்க அம்மிணி, அந்தப் பக்கம் திரும்பாதீங்க" என்றார்.